ஊசி போட்டும் காய்ச்சல் வருதே, ஏன்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "கவிதை மட்டும் வேண்டாம்டா சாமி, ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கு. ஏதாவது விஷயமா எழுது" என்றார்கள். விஷயம் என்னிடம் ஒன்று இருந்தது. போன வருஷத்திலிருந்து எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வாக்குவாதம் அது.

என் தாத்தா ஒரு காலத்தில் தறி ஓட்டியவர். இப்போது வயது 74. சர்க்கரையும் உண்டு, வீசிங்கும் உண்டு. போன மே மாதம் டாக்டர் சொன்னதன் பேரில் அவருக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். கார்த்திகை மாத மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தே விட்டது. ஒரு வாரம் இருமலும் உடம்பு வலியுமாகப் படுத்துவிட்டார். எதிர் வீட்டுப் பெரியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ரெண்டாயிரம் ரூபா தண்டம். நிலவேம்பு வெச்சுக் குடுத்திருந்தா போதும்." தாத்தாவோ, "இனிமே என் கையில எவனும் ஊசி குத்தக் கூடாது" என்று முடிவெடுத்துவிட்டார். டாக்டர் மட்டும், "இந்த வருஷமும் கட்டாயம் போடணும், பெரியவருக்கு மூச்சு ட்ரபிள் இருக்கு" என்கிறார். அம்மா என் பக்கம் திரும்பி, "நீதானே படிச்சவன், நீ சொல்லு" என்றார்.

லேத் மெஷினைப் பற்றிக் கேட்டால் உடனே சொல்வேன். ஊசியைப் பற்றிக் கேட்டால்? மூணு மாசமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததை நம்ம பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, போலியோவுக்குச் சொட்டு மருந்து, தட்டம்மைக்கு ஊசி எல்லாம் சின்ன வயசோடு முடிந்துபோகிறதே, ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம்? காரணம், ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம்ம ரெக்கார்டு நோட்டு போதும். (எச்.ஓ.டி. சார் அடுத்த பத்தியைப் படிக்காமல் தாண்டிப் போகும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.)

சீனியர் ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்து ஒருவன் எழுதுகிறான். அவனைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து நாலு பேர். சப்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதினால் பிழை வராமல் இருக்குமா? ஒருவன் ஒரு கமாவை விடுகிறான், யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவன் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. என்பதை 0.2 என்று எழுதிவிடுகிறான், அந்த நோட்டு சாரிடமிருந்து பறந்து வந்து அவன் முகத்தில் விழும். இன்னொருவன் தூக்கக் கலக்கத்தில் வரிகளை முன்பின்னாக மாற்றி எழுதிவிடுகிறான். சார் பார்க்கிறார், காப்பி அடித்தது மாதிரி தெரியவில்லை, கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அடுத்த வருஷம் ஜூனியர்கள் எல்லாம் யாருடைய நோட்டைத் தேடிப் போவார்கள்? அவனுடையதைத்தான்! இதில் அவன் எந்தத் திட்டமும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழை தற்செயல். தப்பிப் பிழைத்தது மட்டும்தான் காரணத்தோடு நடந்தது.

ஃப்ளூ வைரஸின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதன் பரம்பரைக் குறிப்பு ஆர்.என்.ஏ. என்ற பொருளில் சுமார் 13,500 எழுத்துகளில் இருக்கிறது. நம் உடம்பின் செல்கள் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது கூடவே சரிபார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஃப்ளூ வைரஸிடம் அந்த ஏற்பாடு கிடையாது. அதனால் ஒரு முறை பிரதி எடுக்கும்போதே சுமாராக ஒன்றிரண்டு பிழை விழுந்துவிடுகிறது. ஒரு நோயாளியின் மூக்கிலும் தொண்டையிலும் கோடிக்கணக்கில் பிரதிகள் உண்டாகின்றன. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு, அங்கேயே செத்துப்போகும். ஏதோ ஒன்று நம் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் மண்ணைத் தூவும்படி அமைந்துவிட்டால், அதன் பிள்ளைகுட்டிகள்தான் அடுத்த ஆளுக்குத் தாவும்.

அளவைச் சொன்னால் நம்ம பையன்களுக்கு உடனே புரியும். வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாம் மெட்ராலஜி லேபில் பிடிக்கிற மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ. அந்த ஒரு கோட்டுக்குள்ளேயே நூறு வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். இத்தனூண்டு உருண்டையின் மேல் முள் முள்ளாக இரண்டு வகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். செல்லில் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்வது ஹீமக்ளூட்டினின், சுருக்கமாக எச். உள்ளே பெருகிய வைரஸ் வெளியே வருவதற்கு ஒட்டை வெட்டிவிடுவது நியூராமினிடேஸ், சுருக்கமாக என். பேப்பரில் எச்1 என்1, எச்3 என்2 என்று போடுகிறார்களே, அது இந்த இரண்டின் வகை எண்தான்.

தடுப்பூசி போட்டால் நம் உடம்பு அந்த எச் கொக்கியின் தலைப்பகுதிக்குப் பொருந்துகிற ஆன்டிபாடிகளைத் தயார் செய்து வைக்கிறது. ஃபிட்டிங் ஷாப்பில் ஆண் பாகமும் பெண் பாகமும் ராவிப் பொருத்துகிறோமே, அது மாதிரி. பொருந்தினால் கொக்கி மூடப்பட்டுவிடும், வைரஸ் செல்லில் ஒட்ட முடியாது. ஆனால் கொக்கியின் சரியான இடத்தில் ஒரு சின்ன மேடு வந்தாலும் ஃபிட்டிங் போச்சு. 2013-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி இதைக் காட்டியது. அந்தக் கொக்கி 550-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆனது. 1968 முதல் 2003 வரை எச்3 என்2 வைரஸில் ஏற்பட்ட பெரிய மாற்றங்களுக்கெல்லாம் கொக்கியின் வாயருகே இருக்கும் வெறும் ஏழு இடங்கள்தான் முக்கியக் காரணமாம். சில சமயம் ஒரே ஒரு இடம் மாறியதே போதுமானதாக இருந்திருக்கிறது. ஜாபில் ஒரு இடத்தில் பிசிறு நின்றால் மொத்த ஜாபும் ரிஜெக்ட் ஆகிற கதைதான்!

இப்படிச் சிறுகச் சிறுக நகர்வதை ஆன்டிஜெனிக் டிரிஃப்ட் என்கிறார்கள். இதைவிடப் பயங்கரமான இன்னொரு மாற்றம் இருக்கிறது. அது நம்ம சென்னைத் துறைமுகத்தோடு சம்பந்தப்பட்டது.

வைரஸின் 13,500 எழுத்துகளும் ஒரே நீள நாடாவாக இல்லை, எட்டுத் துண்டுகளாக இருக்கின்றன. எட்டு ஷீட் கொண்ட ஒரு டிராயிங் செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செல்லுக்குள் மனுஷ ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒன்றாக நுழைந்துவிட்டால் இரண்டு செட்டும் மேஜையில் கலந்துவிடும். வெளியே வருகிற புது செட்டில் அஞ்சு ஷீட் இதிலிருந்தும், மூணு ஷீட் அதிலிருந்தும் இருக்கலாம். 1957-ல் நடந்தது அச்சாக இதுதான். மூன்று துண்டுகள் பறவை வைரஸிலிருந்து வந்தவை. எச்சும் மாறியது, என்னும் மாறியது. எச்2 என்2 என்ற புதுப்பிறவி, மனித உடம்புகளுக்கு அறிமுகமே இல்லாத ஒன்று. இதற்குப் பெயர் ஆன்டிஜெனிக் ஷிஃப்ட்.

அந்த வருஷம் சீனாவில் கிளம்பி, ஏப்ரலில் ஹாங்காங்கையும் மே மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரையும் அடைந்தது. அங்கிருந்து நம்மவர்கள் ஊர் திரும்புகிற கப்பல் எது? ரஜூலா! சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று ஓடிக்கொண்டிருந்த கப்பல். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் அதில் மலேயா போய் வந்த உறவினர் கதை ஒன்றாவது கிடைக்கும். 1957 மே மாத நடுவில் ரஜூலா சென்னைக்கு வந்தபோது பயணிகளுக்கும் கப்பல் ஊழியர்களுக்கும் காய்ச்சல். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் அப்போது இருந்த இன்ஃப்ளூயன்சா மையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன் இதையெல்லாம் தொகுத்து 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியிருக்கிறார். 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல், சாவு ஆயிரத்துக்கு மேல். கணக்கில் வராதவர்கள் எத்தனை பேரோ! உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இடையில் ஒன்று. அப்போது திருத்தணி ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக 1957-ல் சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா ரயிலில் ஏறிய காய்ச்சல், மாநில எல்லை தாண்டித்தான் நம்ம ஊருக்கு வந்திருக்க வேண்டும். செக்போஸ்ட்டில் யார் அதை நிறுத்துவார்கள்? இன்றைக்கும் நகரி, புத்தூர் பக்கமிருந்து வரும் நண்பர்களும் திருவள்ளூர் பக்கமிருந்து வரும் நண்பர்களும் ஒரே பெஞ்சில்தானே உட்காருகிறோம்! ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியோடு வருகிற லட்சக்கணக்கான கூட்டத்தில் இருமுவது யார், எந்த ஊர் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

1957 மாதிரியான பெரும் மாற்றம் பின்பு 1968-லும், பன்றிக் காய்ச்சல் என்று நாம் அறிந்த 2009-லும் வந்தது. 2009-ல் தமிழ்நாட்டு மாதிரிகளைப் பரிசோதித்தது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். அந்த வருஷம் அச்சுறுத்திய எச்1 என்1 அப்புறம் எங்கும் போய்விடவில்லை. வருஷா வருஷம் வருகிற சாதாரண ஃப்ளூவாக நம்மோடு தங்கிவிட்டது. தங்கியதும் அதுவும் நகர ஆரம்பித்தது. முதலில் தடுப்பூசியில் இருந்தது கலிஃபோர்னியாவில் 2009-ல் எடுத்த வைரஸ். 2017-ல் அதை மாற்றி மிச்சிகனில் 2015-ல் எடுத்ததைச் சேர்த்தார்கள். எச்1 என்1 இப்படி நிதானமாக நகர்கிறது என்றால், எச்3 என்2 ஓட்டப்பந்தயமே ஓடுகிறது. 2023 மார்ச்சில் நாடு முழுக்க இருமலும் காய்ச்சலுமாக ஓடி, தமிழ்நாட்டில் சிறப்புக் காய்ச்சல் முகாம்கள் போட்டார்களே, அதற்குக் காரணம் இந்த எச்3 என்2 தான்.

சரி, வைரஸ் ஓடுகிறது. துரத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

1952-லிருந்து உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய வலையை வைத்திருக்கிறது. இன்றைக்கு 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆய்வுக்கூடங்கள். நம் நாட்டில் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அதில் ஒன்று. நோயாளிகளின் மூக்கு, தொண்டைச் சளியிலிருந்து வைரஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை நிபுணர்கள் கூடுகிறார்கள். பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கு, செப்டம்பரில் தென்பாதிக்கு, "வரும் சீசனில் இந்த வைரஸ்கள்தான் அதிகம் வரும், இவற்றை வைத்து ஊசி தயாரியுங்கள்" என்று பட்டியல் தருகிறார்கள்.

இங்கேதான் சிக்கல். பட்டியல் கொடுத்ததிலிருந்து ஊசி கைக்கு வர ஆறு மாசம் பிடிக்கிறது. ஏனென்றால் இன்றும் பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் கோழி முட்டையில்தான் தயாராகின்றன. (நாமக்கல்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். இது சத்துணவு முட்டை அல்ல, உள்ளே கரு வளர்கிற முட்டை.) முட்டையில் வைரஸை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்து, சோதித்து, குப்பியில் அடைத்து அனுப்புவதற்குள் வெளியே இருக்கிற வைரஸ் சும்மா இருக்குமா? அதோடு இன்னொரு வம்பு. முட்டையில் வளரும்போதே வைரஸ் முட்டைக்குத் தக்கபடி கொஞ்சம் மாறிக்கொள்கிறது, முக்கியமாக எச்3 என்2. ஆக நாம் டிராயிங்கில் கொடுத்த அளவு ஒன்று, மோல்டிலிருந்து வந்த அளவு ஒன்று என்று ஆகிவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2014-15 சீசன் உதாரணம். 2014 பிப்ரவரியில் எச்3 என்2-வுக்கு டெக்சாஸில் 2012-ல் எடுத்த வைரஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதைக்கு அது சரியான தேர்வுதான். அடுத்த சில மாதங்களிலேயே மாறிய வைரஸ் தலைகாட்டியது. ஊசி அதற்குள் ஃபாக்டரியில் பாதி வேலை முடிந்து நிற்கிறது! அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் பரவிய எச்3 என்2-வில் பெரும்பகுதி மாறிப்போன வகை. ஊசியின் பலன் 19 சதவீதம் என்று அவர்களே கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற வருஷங்களில் இது 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கும்.

இந்தச் சதவீதத்தைத்தான் நம்மில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். 40 சதவீதப் பலன் என்றால் ஊசி போட்ட நூறு பேரில் அறுபது பேருக்குக் காய்ச்சல் வரும் என்று அர்த்தமே இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எங்கள் தெருவில் 200 பேர். நூறு பேர் போட்டுக்கொண்டார்கள், நூறு பேர் போட்டுக்கொள்ளவில்லை. போடாத நூறில் 10 பேருக்கு ஃப்ளூ வந்தது. 40 சதவீதப் பலன் என்றால் போட்ட நூறில் 6 பேருக்கு வரும். 19 சதவீதம் என்றால் 8 பேருக்கு வரும். அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். ஊசி போட்டும் காய்ச்சல் வந்த அந்த 6 பேரும் டீக்கடை, குழாயடி, ரேஷன் கடை எல்லா இடத்திலும் சொல்வார்கள். வராமல் தப்பித்த நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தாங்கள் தப்பித்ததே அவர்களுக்குத் தெரியாது! ஊசியின் தோல்விக்கு முகம் இருக்கிறது, பேர் இருக்கிறது. அதன் வெற்றிக்கு இரண்டும் இல்லை. எங்கள் பெரியம்மாவின் தீர்ப்பு இப்படித்தான் பிறந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொன்னார்.

தாத்தா விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ஏன் வந்தது? முதலில், வந்தது ஃப்ளூதானா என்பதே தெரியாது. யாரும் சளியைப் பரிசோதிக்கவில்லை. ஃப்ளூ மாதிரியே காய்ச்சல் தருகிற வேறு வைரஸ்கள் ஒரு கூட்டமே உண்டு, அவற்றை இந்த ஊசி தொடாது. ஃப்ளூதான் என்றே வைத்துக்கொண்டாலும் வயதானவர்கள் உடம்பு ஊசிக்கு இளவட்டங்கள் மாதிரி வேகமாகப் பதில் கொடுப்பதில்லை. வைரஸ் மாறியிருக்கலாம். இவையெல்லாம் நம் கையில் இல்லாதவை. நம் கையில் இருக்கிற ஒன்றும் இருக்கிறது. அது மாசக் கணக்கு.

ஊசி தருகிற பாதுகாப்பு போட்ட இரண்டு வாரத்தில் ஏறி, பிறகு மாசம் போகப் போக இறங்கும். ஆறு மாசத்தில் கணிசமாகக் குறைந்துவிடும். தாத்தா போட்டது மே மாதம். காய்ச்சல் வந்தது நவம்பர் கடைசி. எண்ணிப் பாருங்கள்! டெல்லி, புனே பக்கம் தென்மேற்குப் பருவ மழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். அவர்களுக்கு மே மாத ஊசி சரி. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் சென்னையிலும் வேலூரிலும் செய்த கண்காணிப்பில் உச்சம் அக்டோபர், நவம்பர் என்று தெரிந்தது, அதாவது நம்ம வடகிழக்குப் பருவ மழையோடு. சென்னைக்கும் வேலூருக்கும் நடுவில்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நம்ம ஃப்ளூ சீசன்.

அதனால் நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும்போது போடுவதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. இதை டாக்டரிடம் கேட்டேன். "நல்ல கேள்விதான், செப்டம்பர்ல கூட்டிட்டு வா" என்றார். இன்னொரு விஷயமும் சொன்னார். ஊசிப் பெட்டியில் வருஷம் அச்சடித்திருக்கும். தென்பாதிப் பட்டியல் என்றால் ஒரே வருஷம் போட்டிருக்கும், வடபாதி என்றால் 2025/2026 என்கிற மாதிரி இரண்டு வருஷம் சேர்த்துப் போட்டிருக்கும். செப்டம்பரில் போடுகிறவர் கடையில் மிச்சமிருக்கிற பழைய பெட்டியை வாங்காமல், புதிதாக வந்ததைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய பெட்டியின் பட்டியல் அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரிலேயே முடிவானது, அதற்குள் வைரஸ் ஒரு வருஷம் நடந்துவிட்டது.

பொருத்தம் குறைந்த வருஷத்திலும் எதற்காகப் போட வேண்டும் என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவதை அது குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாத்தாவுக்குப் போன தடவை அட்மிஷன் தேவைப்படவில்லை. அது ஊசியால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் வீசிங் உள்ளவருக்குப் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறு என்று வாய்ப்புக் குறைந்தாலே அது எனக்கு லாபம்தான். அம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். ரெண்டாயிரத்தை இப்போதே உண்டியலில் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வைரஸ் ஓட்டத்தில் தோற்றுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். பி வகையில் யமகாட்டா என்றொரு கிளை இருந்தது. கோவிட் காலத்தில் எல்லாரும் முகமூடி போட்டு வீட்டில் இருந்தோமே, 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்கும் உறுதியாகப் பிடிபடவில்லை. ஊசியில் இனி அது தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நாலு வைரஸ் இருந்த ஊசி மூன்றுக்கு வந்தது இதனால்தான்.

கடைசியாக ஹாஸ்டல் நண்பர்களுக்கும், காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு வருகிற நண்பர்களுக்கும். நம்ம வயசுக்குப் பெரும்பாலும் நாலைந்து நாளில் எழுந்துவிடுவோம். ஆனால் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறோமே, அங்கே பாட்டி, தாத்தா, கைக்குழந்தையோடு அக்கா இருப்பார்கள். காய்ச்சலும் இருமலுமாக இருந்தால் அந்த வாரம் போக வேண்டாம், போனாலும் முகத்தை மூடிக்கொண்டு தள்ளி இருங்கள். மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள், அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கென்றே ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. வயதானவர்களுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் காய்ச்சல் ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். டாக்டர்தான் அதை எழுதித் தர வேண்டும். அதனால் வீட்டில் அப்படி யாருக்காவது காய்ச்சல் என்றால் கஷாயம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூணாவது நாள் வரை பார்க்கலாம் என்று உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.